வாவிக்கு இரண்டு கரை: மட்டக்களப்பில் ஊர் ஊராகப் போகப் புதியவருக்கு ஒரு வழிகாட்டி

குருமன்வெளித் துறையில் நின்று பார்த்தால் எதிரே மண்டூர் தெரியும். காற்று இந்தப் பக்கம் வீசினால் அந்தக் கரைக் கோயிலின் ஒலிபெருக்கி கூடக் கேட்கும். ஆனால் தரைவழியே மண்டூருக்குப் போக வேண்டுமென்றால் களுவாஞ்சிகுடிக்கு வந்து, பட்டிருப்புப் பாலம் கடந்து, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து, இரண்டு ஊருக்கும் நடுவே இவ்வளவுதானே தூரம் என்று கணக்குப் போடுகிறார்கள். இங்கே தூரத்தைத் தீர்மானிப்பது வாவி. எந்த இடத்தில் அதைக் கடக்கலாம், எந்த நேரத்தில் கடக்கலாம், எந்த மாதத்தில் கடக்கக் கூடாது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் மட்டக்களப்பில் எங்கும் போய் வரலாம்.

என் முதல் நியமனம் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில். அந்த வருடங்களில் துறையில் காத்திருந்தே பாதி வழியைப் படித்தேன். முதல் நியமனத்தில் வரும் ஆசிரியர்கள், பிறந்த ஊரைப் பல வருடம் கழித்துப் பார்க்க வரும் பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் கிழக்கைப் பார்க்க வருகிறவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கரையைப் பிரித்தறியுங்கள்

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் எழும் பக்கம் என்பதால் அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. இந்த இரண்டு சொல்லையும் முதல் நாளே மனதில் இருத்துங்கள். ஊரில் வழி சொல்கிறவர்கள் வடக்கு, கிழக்கு என்று சொல்வதை விட, 'படுவான் பக்கம்' என்றே அதிகம் சொல்வார்கள்.

எழுவான்கரையில் ஒரே பெருந்தெரு. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி அது. ஊருக்கு ஊர் மதில் ஒட்டியிருக்கும். பஸ் அடிக்கடி வரும். படுவான்கரையில் வயல், குளம், காடு. வீதிகள் இப்போது நன்றாக இருக்கின்றன, ஆனால் பஸ் குறைவு. ஆகவே எழுவான்கரையில் பஸ்ஸை நம்பலாம். படுவான்கரையில் மோட்டார் சைக்கிளோ பேசி வைத்த ஆட்டோவோ இருந்தால்தான் நினைத்த நேரத்தில் திரும்பலாம்.

இரண்டு கரையையும் இணைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நகரத்துக்கு மேற்கே வலையிறவுப் பாலம் உங்களை வவுணதீவில் இறக்கும். ஆரையம்பதிக்கு அடுத்து மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறது. களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலம். கடைசியாகக் கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கி. இவற்றுக்கு இடையில் பாலம் இல்லாத துறைகளில் 'பாதை' ஓடும். வெளியூராருக்கு இந்தச் சொல் குழப்பும். இங்கே பாதை என்றால் நடக்கிற வழி அல்ல. ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதக்கும் தட்டு. 'பாதை வந்திட்டுதா?' என்று யாராவது கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஊர்ப்பெயரை வாசிக்கப் பழகுங்கள்

இதை எனக்கு ஒரு வயதான பாதைக்காரர் சொல்லித் தந்தார், இன்றைக்கும் கைகொடுக்கிறது. துறை என்று பெயரில் இருந்தால் அங்கே தண்ணீரைக் கடக்கும் இடம் இருந்தது அல்லது இருக்கிறது: அம்பிளாந்துறை, துறைநீலாவணை, மண்முனைத்துறை. முனை என்றால் தண்ணீருக்குள் நீண்ட நிலம். குடா என்றால் நிலத்துக்குள் புகுந்த தண்ணீர்: நாவற்குடா, தாழங்குடா, முதலைக்குடா. தீவு என்று முடிந்தால் அது நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த தீவாக இருக்க வேண்டியதில்லை. மகிழடித்தீவு, அரசடித்தீவு, வவுணதீவு எல்லாம் கோடையில் வண்டி போய் வரும் ஊர்கள்தான். ஆனால் பெருமழைக்கு அந்தப் பெயரின் அர்த்தம் விளங்கும். வெளி என்றால் திறந்த தாழ்நிலம்: சந்திவெளி, குருமன்வெளி, வெல்லாவெளி, நாவிதன்வெளி. மாரி காலத்தில் வெளி என்று முடியும் ஊருக்குப் போகுமுன் ஒரு தரம் விசாரித்துக்கொள்ளுங்கள். மடம் என்பது வழிப்போக்கர் தங்கிய இடம். குருக்கள்மடம், ஓந்தாச்சிமடம் இரண்டும் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களின் வழியிலேயே இருக்கின்றன. இப்போதும் யாத்திரைக் காலத்தில் வேட்டியும் வேலுமாக நடந்து போகிற கூட்டத்தை அந்த வீதியில் காணலாம்.

எந்த மாதம் வருவது

பெப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பெரும்போக அறுவடை நடக்கும், வயலெல்லாம் ஆள், குளங்களில் தண்ணீர் நிறைந்திருக்கும். வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிளை அதன் மேல் ஏற்றாதீர்கள். சறுக்கி விழுவது ஒன்று. ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அந்தத் தார் வீதியில் கிடக்கிறது என்பது மற்றொன்று.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று. மேற்கிலிருந்து சூடாக, வறண்டு வீசும். பத்து மணிக்குப் பின் வெளியில் நிற்க முடியாது. ஆனால் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் இந்தக் காலத்திலும் இதை அடுத்தும்தான் வருகின்றன, ஆகவே வரத்தான் வேண்டும். காலையில் போய், பகலில் ஒரு மர நிழலில் இருந்து, பின்னேரம் திரும்புங்கள்.

நவம்பர், டிசெம்பர், ஜனவரி மூன்றும் வாடை மழைக் காலம். வேலை நிமித்தம் வருகிறவருக்குத் தவிர்க்க முடியாது. பார்க்க வருகிறவர் தவிர்க்கலாம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

முதல் நாள்: மண்முனையால் போய் அம்பிளாந்துறையால் திரும்புங்கள்

புதியவர் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் சுற்று இதுதான். ஒரு பாலம், ஒரு பாதை, ஒரு கோயில் எல்லாம் ஒரே நாளில் அடங்கும்.

காலை ஆறரைக்கு முன் நகரத்தில் கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தெற்கே போகும் எந்தப் பஸ்ஸும் கல்லடிப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் போகின்றன. பழைய பாலத்தின் கீழேதான் மீன் பாடும் என்பார்கள். கோடைக்கால நிலா இரவில், காற்றில்லாத நேரத்தில், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது ஊர் வழக்கம். அதை இன்னொரு இரவுக்கு வையுங்கள்.

காத்தான்குடி தாண்டி ஆரையம்பதியில் இறங்கி, மண்முனைக்கு ஆட்டோ பிடியுங்கள். 2014 ஏப்ரலுக்கு முன் இங்கே பாலம் இல்லை. பாதைக்கு வரிசையில் நின்றோம். நோயாளியை ஏற்றிய வாகனமும் அந்த வரிசையில்தான் நின்றது. யப்பான் நாட்டு உதவியில் 210 மீட்டர் நீளத்தில் பாலம் வந்த பிறகு படுவான்கரைப் பெண்கள் பிரசவத்துக்கு இரவில் பயமில்லாமல் புறப்படுகிறார்கள். பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பாருங்கள். வீச்சுவலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். நீர்க்காகம் கம்பில் சிறகு விரித்துக் காயும்.

அக்கரையில் மகிழடித்தீவு, பிறகு கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் காலைப் பூசைக்குப் போய்விட்டால் நல்லது. இது தேசத்துக் கோயில், அதாவது ஒரு ஊருக்கு மட்டும் உரியதல்ல. சுற்றுப்பட்ட ஊர்களும், குடிகள் என்னும் தாய்வழிக் குலங்களும் பங்கு வைத்துத் திருவிழா எடுக்கிற கோயில். ஆகஸ்ட், செப்டெம்பரில் வரும் தேரோட்டத்துக்கு வாவியின் இரு கரையும் இங்கே கூடும். கல் நந்தி பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், முன் புல் தின்ற கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நின்று கேளுங்கள், சொல்கிறவருக்கு அதில் ஒரு சந்தோசம் இருக்கிறது.

மகிழடித்தீவில் 1991 ஜூனில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. வரும் வழியில் நீங்கள் கடந்த காத்தான்குடியில் 1990 ஆகஸ்டில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு கரையிலும் காயம் உண்டு. யாரையும் கிளறிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால், அவசரப்படாமல் இருந்து கேளுங்கள்.

பகல் சாப்பாட்டைக் கொக்கட்டிச்சோலையிலேயே முடித்துவிடுங்கள். அதற்கப்பால் கடை குறைவு. சோறு, மீன் ஆணம், ஒரு சுண்டல், சொதி. ஆணம் என்றால் குழம்பு. பிறகு அரசடித்தீவு வழியாக அம்பிளாந்துறைக்குப் போய், அங்கிருந்து பாதையில் குருக்கள்மடம். பாதை ஓடுகிறதா என்று கொக்கட்டிச்சோலைச் சந்தியிலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர் கூடினாலும் இயந்திரம் பழுதானாலும் நிறுத்திவிடுவார்கள். அக்கரையில் பெருந்தெரு. கை காட்டினால் மட்டக்களப்புப் பஸ் நிற்கும்.

பாதையில் ஏறும் முறை

இதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துறைக்கு வந்தவுடன் வண்டியை நேரே தண்ணீர் ஓரத்துக்கு விடாதீர்கள். முதலில் பாதையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும். ஏற்றும் பலகை கரையில் படியும்போது ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பின்தான் பாதைக்காரர் கை காட்டுவார். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, முதல் கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஏற்றுங்கள். பலகை ஈரமாயிருக்கும். பின்னால் இருந்து வருகிறவர் பலகையைத் தாண்டும் வரை தனியாக நடந்து வரட்டும். உள்ளே அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அவர் ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கத்தோடு சரிக்கட்டித்தான் இடம் சொல்கிறார். 'இந்த ஓரத்தில் விடுகிறேனே' என்று வாதாட வேண்டாம். கொழுவிய கியரோடு வண்டியை நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

சில்லறை வைத்திருங்கள். பெரிய தாளை நீட்டினால் நடு வாவியில் மாற்றிக் கொடுக்க அவரிடம் இருக்காது.

நடுவில் வந்ததும் எல்லோரும் கொஞ்சம் பேச ஆரம்பிப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, மடியில் தயிர்ச் சட்டி. அகன்ற மண்சட்டி, வாயில் எண்ணெய்த் தாள் கட்டி, கயிற்றுறியில் கிடந்தது. சட்டியின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. பாதை ஆடும்போதெல்லாம் சட்டியை இரண்டு முழங்காலாலும் இறுக்கிக்கொண்டார், பேச்சை நிறுத்தவில்லை.

'ஆரு வீட்டுக்கு மனே போறாய்?'

'பள்ளிக்கூடத்துக்கு அம்மா. புதுசா வந்திருக்கன்.'

'அப்ப நீ எங்கட பேரன்ட வாத்தி. இறங்கி நேர போ, ஆலமரத்தடியில கிறுகு, மறுகா ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.'

கிறுகு என்றால் திரும்பு. மறுகா என்றால் பிறகு. அங்கால, இஞ்சால என்பவை அந்தப் பக்கம், இந்தப் பக்கம். இந்த நான்கும் தெரிந்தால் படுவான்கரையில் வழி கேட்டு வழி போகலாம்.

இரண்டாம் நாள்: பட்டிருப்பு, வெல்லாவெளி, மண்டூர்

முதல் சுற்று பழகிய பின் இதற்குப் போங்கள், ஏனென்றால் தூரம் அதிகம். களுவாஞ்சிகுடியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் நிரப்பி, காசையும் வங்கி இயந்திரத்தில் எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் ஏறுங்கள். பெரியபோரதீவு, கோவில்போரதீவு தாண்டினால் வயல்வெளி தொடங்குகிறது. வட்டை என்று இங்கே சொல்வது ஒரு தொகுதி வயலை. ஒவ்வொரு வட்டைக்கும் தண்ணீர் பங்கிட ஒரு வட்டவிதானை இருப்பார். வயல்வேலை நடக்கும் காலத்தில் வரம்பில் நடந்து பார்க்க ஆசைப்பட்டால் வாடியில், அதாவது வயல் குடிலில், இருக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்; தேத்தண்ணியும் தருவார்கள்.

வெல்லாவெளியிலிருந்து மண்டூர். முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகப் பூசை செய்வதை இங்கே காணலாம். திரை விலகாது. மூலஸ்தானத்தைப் பார்க்க எட்டிப் பார்க்காதீர்கள், படம் எடுக்க நினைக்கவே வேண்டாம். ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும். ஒரு சால்வை கொண்டுபோங்கள். ஆவணித் திருவிழாவில் தீர்த்தம் வரை வாவிக்கரை முழுக்கச் சனம்.

திரும்பும்போது மண்டூர்த் துறையிலிருந்து குருமன்வெளிக்குப் பாதை. பின்னேரம் நான்கரை மணிக்குள் துறையில் நில்லுங்கள். பாடசாலை, அலுவலகம் விட்ட கூட்டமும் உங்களோடு இருக்கும். அந்தக் கூட்டத்தோடு போவதே பாதுகாப்பு.

சந்தைப் பட்டினங்கள்

களுவாஞ்சிகுடிச் சந்தை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு கரையும் அங்கே ஒன்றாகின்றன. பக்கத்தில் களுதாவளை. அங்கே மணல் நிலத்தில் கொடிக்கால் போட்டு வளர்க்கும் வெற்றிலை அடுக்கடுக்காக வரும். படுவான்கரையிலிருந்து நெல்லும் தயிரும் வாவி மீனும் வரும். காலை ஏழு மணிக்குள் போனால் நல்லதைத் தெரிந்தெடுக்கலாம்.

நண்டு வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்க வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். வயிற்றோட்டைப் பெருவிரலால் அமத்துங்கள். உள்ளே அமுங்கினால் சதை குறைவு, கல்போல் நின்றால் வாங்கலாம். இறாலுக்குத் தலை உடலோடு இறுகி இருக்க வேண்டும். தயிர்ச் சட்டியை லேசாகச் சரித்தால் எருமைத் தயிர் நகராது. தண்ணீர் விட்டு நகர்ந்தால் வேறு சட்டி கேளுங்கள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதற்கு உறியோடு தரச் சொல்லுங்கள்.

கல்முனை இவற்றில் பெரியது. மட்டக்களப்பிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், அம்பாறை மாவட்டம். துணி, பாத்திரம், வலை, வயல் சாமான் எல்லாம் ஒரே தெருவில் முடியும். அதற்கு முன்னால் வரும் மருதமுனையில் இறங்கினால் கைத்தறிச் சத்தம் தெருவுக்கே கேட்கும். சாரமும் சேலையும் நெய்கிறவரிடமே வாங்கலாம். கல்முனையைத் தாண்டிச் சாய்ந்தமருது, பிறகு விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு. அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை. சம்மாந்துறை நெல்லுக்கும் அரிசி ஆலைக்கும் பெயர் போனது.

வெள்ளிக்கிழமை கவனம். காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, கல்முனைப் பக்கம் ஜும்ஆ நேரத்தில் கடைகள் அடைத்துவிடும். பன்னிரண்டுக்கு முன் வேலையை முடியுங்கள், அல்லது இரண்டு மணிக்குப் பின் போங்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை திறக்காது. தமிழ் ஊர்களில் வெள்ளிக்கிழமை பல வீட்டில் மரக்கறிதான். போயா என்னும் பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை எங்கும் பூட்டு.

வடக்குப் பக்கம் சுருக்கமாக: செங்கலடி பதுளை வீதி தொடங்கும் சந்தி, மலையகத்தார் இறங்கும் இடம். சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்குப் பாதை. கிரானிலிருந்து மேற்கே போகும் வீதி புலிபாய்ந்தகல்லில் மாரிக்கு அறுந்துவிடும். வலையிறவால் போனால் வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருவிழா செப்டெம்பரில். மதம் பாராமல் எல்லோரும் போவார்கள்.

பேச்சும் பழக்கமும்

வயதில் மூத்தவரை அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். முஸ்லிம் ஊர்களில் காக்கா என்றோ நானா என்றோ கூப்பிட்டால் மனம் குளிரும். 'மச்சான்' என்பது நெருங்கிப் பழகிய பின்.

அறை வாடகைக்குத் தேடுகிறவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில் வந்து இருப்பார். ஆகவே வீட்டு ஐயாவிடம் மட்டும் பேசி வாடகையை முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அக்காவிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால்தான் அறை உங்களுக்கு. 'என்ன குடி, எந்த ஊர்' என்று உங்களைக் கேட்பார்கள். தாய்வழியில் வரும் குடியை வைத்தே கோயிலில் முறை பார்க்கிற ஊர் இது. தெரியாது என்று சொல்லலாம். யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். நீங்கள் அதைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

வைகாசியில் வந்தால் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும். வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கே கோயில் கதவு திறக்கும், குளிர்த்தி என்னும் கடைசிச் சடங்கோடு முடியும். இரவு முழுக்க இருந்து பார்க்க ஒரு பாய் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டார் இடம் தருவார்கள்.

வெள்ளம், யானை, முதலை

இந்தப் பகுதியை அவசரமாக வாசிக்க வேண்டாம்.

மேற்கே பெய்யும் மழையும் திறந்துவிட்ட குளத்துத் தண்ணீரும் எல்லாம் வாவிக்கே வருகின்றன. வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மட்டும். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். அது மூடியிருக்கும்போது மழை வந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. வயலும் வீதியும் ஒன்றாகும். அதனால்தான் 'முகத்துவாரம் வெட்டியாச்சா?' என்பது மாரி காலத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் கேள்வி. மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கத் தொடங்கும். ஆனால் அந்த நாட்களில் ஓட்டம் கடுமையாயிருக்கும்; துறைகளில் பாதை ஓடாது. அந்த நேரத்தில் சிறு தோணியில் யாராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் ஏறாதீர்கள்.

வீதியில் தாம்போதி என்று ஒன்று உண்டு. வெள்ளம் மேலால் பாய்ந்து போகட்டும் என்று தாழ்வாகக் கட்டிய இடம். கிட்டங்கியில் தாம்போதி, மாவடிப்பள்ளியில் தாம்போதி, வெல்லாவெளிப் பக்கமும் உண்டு. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரியும். ஓரத்துக் கல் மூடுண்டிருக்கும், வீதி எங்கே முடிகிறது என்று தெரியாது, இழுவை காலை வாரிவிடும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீட்டுக்குத் திரும்பிய மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பெரிய வண்டி, பலர் ஏறியிருக்கிறார்கள், நாமும் போகலாம் என்ற நினைப்புத்தான் ஆளைக் கொல்கிறது. தாம்போதிக்கு மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிப் போங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் கெட்டுப்போகிற வேலை ஒன்றும் இல்லை. அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, பொலிஸுக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990. மூன்றையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

யானை படுவான்கரையில் அன்றாட விசயம். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் வேளாண்மை முற்றும் காலத்தில் ஊருக்குள்ளேயே வரும். பின்னேரம் ஐந்தரைக்குப் பின்னும் விடியுமுன்னும் அந்த வீதிகளில் மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். மாலையில் யாராவது கை காட்டி நிறுத்தி 'அங்கால போகாதீங்க, ஆனை நிக்குது' என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அவர் சொன்ன பக்கம் திரும்புங்கள். மின்வேலிக் கம்பியைத் தொடக் கூடாது.

வாவியில் முதலை உண்டு. சல்வீனியா என்ற நீர்க்களை படர்ந்த ஒதுக்கிலும் கண்டல் மரம் அடர்ந்த கரையிலும் இறங்கிக் குளிக்காதீர்கள். ஊரார் எந்த இடத்தில் குளிக்கிறார்களோ அங்கே மட்டும். எழுவான்கரைப் பெருந்தெருவில் இரவில் வேறொரு ஆபத்து: கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடு வெளிச்சத்துக்கு எதிரே கடைசி நேரம் வரை தெரியாது.

கடைசிப் பாதை போய்விட்டால்

இது ஒருநாள் உங்களுக்கும் நடக்கும். எனக்கு முதல் மாதத்திலேயே நடந்தது. துறைக்கு வந்தேன், பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. இருட்டுகிறது, நுளம்பு தொடங்கிவிட்டது.

செய்ய வேண்டியது இது. தண்ணீர் ஓரத்தில் நிற்காமல் துறைக்கு மேலே உள்ள முதல் வீட்டு வாசலுக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியில் நின்று 'வீட்டுக்காரர்' என்று கூப்பிடுங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள். பாலத்தைச் சுற்றிப் போக யாருடைய ஆட்டோ இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். யானைக் கதை இருந்தால் அதுவும் தெரியும். சுற்றிப் போகும் கூலி கூடத்தான் வரும், பேரம் பேசாமல் கொடுங்கள். ஆட்டோக்காரர் தனியே அந்த இருட்டில் திரும்பி வர வேண்டும். போக வழியில்லை என்று அவர்கள் சொன்னால் தங்கிவிடுங்கள். அன்றிரவு எனக்குத் திண்ணையில் பாய் போட்டு, நுளம்புத்திரி கொளுத்தி வைத்து, மீன் ஆணத்தோடு சோறு தந்தார்கள். விடிய முதல் பாதை வரும் சத்தத்துக்கு எழுப்பிவிட்டார்கள்.